நாலாயிரம் ரூபாய் டாக்சியும் ஒரு நரைக் குதிரையும்

ஐம்பது கிலோமீட்டருக்கு நாலாயிரம் ரூபாய். இதை முதலில் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிதியில் காசாவிலிருந்து முத் கிராமத்துக்கு மாலையில் ஒரே ஒரு பஸ்தான். அன்றைக்கு அது வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரிடமும் பதில் இல்லை, டாக்சிக்காரர் மட்டும் முன்பே தெரிந்தவர் மாதிரி வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார். பேரம் பேசிப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார். சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாக பஸ்ஸிலேயே இடிபட்டு வந்து மிச்சம் பிடித்த காசு அந்த ஒரு மாலையில் போச்சு. போதாததற்கு, வழியில் போட்டோ எடுக்க இரண்டு இடத்தில் நிறுத்தியதற்குத் தனியாக 300 கேட்டார். கொடுக்கவில்லை.

முத் இருப்பது பின் பள்ளத்தாக்கில். 'பின்' ஆற்றின் பெயர், நம் தமிழ்ப் பின் இல்லை (வீட்டில் போன் செய்து "பின் போகிறேன்" என்றதற்கு "இப்பவே போயேன்டா" என்றார் அம்மா). அத்தர்கோ பாலத்தில் ஸ்பிதி ஆற்றை விட்டுத் திரும்பினால் கடைசியில் வரும் ஊர் அது, 3,700 மீட்டருக்கு மேலே. இரண்டு படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கியது. நான் போனது குதிரை பார்க்க.

அரசாங்கக் கணக்கில் இதன் பெயர் ஸ்பிதி குதிரை. ஊரில் சாமுர்த்தி என்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மேற்குத் திபெத்தில் சுமுர்த்தி என்று ஒரு பகுதி இருக்கிறது, பெயர் அங்கிருந்து வந்தது. திபெத்துக்கும் இந்தப் பக்கத்து மலைகளுக்கும் நடந்த வியாபாரத்தில் கம்பளி, உப்பு இவற்றோடு குதிரையும் வந்து போய்க்கொண்டிருந்தது. வழியில் நான் தூங்கிக்கொண்டே கடந்த ராம்பூரில் நவம்பர் 11இல் லவி சந்தை தொடங்கும், அதற்குச் சில நாள் முன்னால் குதிரைச் சந்தை. அந்த வட்டாரத்தை ஆண்ட புஷஹர் ராஜாவும் திபெத்தும் 17ஆம் நூற்றாண்டில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான் அதன் வேர் என்கிறார்கள், அப்போது இரண்டு பக்கமும் வாளும் குதிரையும் மாற்றிக்கொண்டார்களாம். 1962 போரோடு அந்தப் போக்குவரத்து அறுந்தது. அந்தப் பக்கத்துப் பொலிக்குதிரையும் (இனம் பெருக்க விடும் ஆண் குதிரை) வருவது நின்றது. இப்போது ஸ்பிதியிலேயே தாபோவுக்குப் பக்கத்தில் லரி என்ற ஊரில் அரசு ஒரு பண்ணை வைத்து இனத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது.

சரி, குதிரை எப்படி இருந்தது? உண்மையைச் சொன்னால் முதல் பார்வையில் ஏமாற்றம். குட்டை. நாலடிக்குக் கொஞ்சம் மேலே, என் மார்பு வரைக்கும்தான். உடம்பெல்லாம் சடை, நெற்றி மயிர் கண்ணை மறைக்கிறது, கால்கள் மட்டும் உரல் மாதிரி தடிமன். கல்யாண ஊர்வலத்துக் குதிரையை நினைத்துக்கொண்டு போனால் இது கழுதைக்குச் சித்தப்பா மகன் மாதிரி தெரியும். ஆனால் நான் தங்கிய வீட்டின் சொந்தக்காரர் ஒரு கதை சொன்னார் பாருங்கள். குளிர்காலத்தில் மைனஸ் முப்பது வரை போகும், அப்போதும் பனியைக் குளம்பால் கிளறி அடியில் இருக்கும் காய்ந்த புல்லைத் தின்னுமாம். கோடையில் அவிழ்த்து மேலே மலைக்கு அனுப்பிவிட்டால் மாதக்கணக்கில் யாரும் பார்க்க வேண்டாம். வளர்க்க இதைவிடச் செலவு குறைந்த மிருகம் கிடையாது என்றபோது எனக்கு அதன்மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

நான் போனது செப்டம்பர் கடைசி. பார்லி அறுத்துக் களத்தில் கிடந்தது. நடுவில் ஒரு கம்பம், அதைச் சுற்றி இரண்டு குதிரை, ஒரு கழுதை, ஒரு சோ (யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்தது) எல்லாவற்றையும் வரிசையாகக் கட்டி மிதிக்க விட்டிருந்தார்கள். நம் ஊரில் ஆனை கட்டிப் போரடித்த பெருமை பேசுவோம், இங்கே கிடைத்ததை எல்லாம் கட்டிப் போரடிக்கிறார்கள். பின்னால் ஒரு பாட்டி ஏதோ பாடிக்கொண்டே ஓட்டினார். நான் "ஜூலே" (அங்கே வணக்கம் சொல்வது அப்படித்தான்) என்றேன், கையில் வைக்கோல் வாரியைத் திணித்துவிட்டார். பத்து நிமிடம் வாரினேன், இரண்டு நாள் தோள் வலி.

அதற்குக் கூலியாகக் கிடைத்த தெந்துக்கை மறக்க முடியாது. மாவைப் பிய்த்துப் பிய்த்துக் கொதிக்கும் சூப்பில் போட்டு, அந்த மண்ணில் விளைந்த பட்டாணியோடு. ஸ்பிதி பட்டாணிக்கு ஏன் கீழே அவ்வளவு கிராக்கி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மூன்று கிண்ணம் குடித்தேன், வெட்கமே படவில்லை. வெண்ணெய்த் தேநீர் மட்டும் ஆகவில்லை, டீ என்று நினைக்காமல் உப்புப் போட்ட ரசம் என்று நினைத்துக் குடித்தால் இறங்கும்.

அடுத்த நாள் சவாரி. ஒரு மணி நேரத்துக்கு 500 கேட்டார், பேரம் பேச வாய் வந்தது, முந்தின நாள் நாலாயிரத்தை நினைத்து மூடிக்கொண்டேன். நரை நிறம், பெண் குதிரை, ஒன்பது வயது. இந்த இனத்தின் பெருமையே அதன் நடைதான், ரேவால் என்கிறார்கள். சாதாரணக் குதிரை துள்ளி ஓடும்போது ஒரு பக்கத்து முன்காலும் எதிர்ப்பக்கத்துப் பின்காலும் சேர்ந்து எழும், மேலே இருப்பவன் முதுகெலும்பு பொடியாகும். இது ஒரே பக்கத்து இரண்டு காலையும் சேர்த்து வைத்துத் தொட்டில் மாதிரி லேசாக ஆடிக்கொண்டு போகிறது. கையில் டீக் கிண்ணத்தோடு போகலாம் என்று வீட்டுக்காரர் சொன்னதைப் பீற்றல் என்றுதான் நினைத்தேன். டீ கொண்டுபோகவில்லை, ஆனால் சட்டைப் பையில் மூடாமல் வைத்திருந்த கண்ணாடி கீழே விழவில்லை. உருண்டு கிடக்கும் கற்சரிவில் நான் கடிவாளத்தை இழுத்து வழி காட்டப் பார்த்தேன். அது நின்றது, காதைப் பின்னால் மடித்தது, நான் விடும்வரை நகரவே இல்லை. விட்டதும் தானாக ஒரு வழி பார்த்து ஒவ்வொரு குளம்பாக வைத்து இறங்கியது. அந்தச் சரிவில் இருவரில் யாருக்கு விஷயம் தெரியும் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

ஸ்பிதியில் கிப்பர் என்று இன்னொரு ஊர், அந்த ஊர்க்காரர்கள் முன்பெல்லாம் இந்தக் குதிரைகளை 5,500 மீட்டருக்கு மேலே இருக்கும் பராங் கணவாய் வழியாக லடாக்குக்கு ஓட்டிப்போய், மாற்றாக யாக் ஓட்டி வருவார்களாம். இப்போது ரோடு வந்துவிட்டது, பையன்கள் பிக்கப் வண்டி வாங்குகிறார்கள். வீட்டுக்காரரின் மகனும் டாக்சிதான் ஓட்டுகிறானாம். எந்த ரூட் என்று நான் கேட்கவில்லை.

கடைசியாகச் செலவுக் கணக்கு. தங்க இடமும் இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்து நாளைக்கு 1,200, குதிரை 500, டாக்சி பற்றி இனி பேச வேண்டாம். திரும்பும்போது காலை ஆறு மணி பஸ் வந்தது. கடைசி சீட். காசா வரைக்கும் தலை கூரையில் இடித்துக்கொண்டே வந்தது.