கண் கிளினிக்குக்கு ஆள் எடுத்துப் பழக்கியபோது மாட்டிக்கொண்ட இடங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் கண் கிளினிக்குக்கு நான்கு பேர் தேவைப்பட்டது: வரவேற்பில் இருவர், பரிசோதனை அறையில் இருவர். விளம்பரமும் நேர்முகமும் இரண்டு கிழமையில் முடிந்தன. இழுபட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் அடி பெயரில் விழுந்தது. ஒருவருடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முழுதாக, அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும், வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்துக்கூட்டல். இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பதிவுப் படிவம் திரும்பி வந்தது. கவுண்டரில் இருந்தவர் முதல் நாள் ஒரு பிழையை மட்டும் காட்டினார். அதைத் திருத்திக்கொண்டு மறுபடி போனால் இன்னொன்றைக் காட்டினார். முதல் நாளே இரண்டையும் சொல்லியிருந்தால் ஒரு முழு நாள் மிஞ்சியிருக்கும். கடைசியில் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துத்தான் வேலை நடந்தது. நேர்முகத்துக்கு வரச் சொல்லும்போதே மூன்றின் மூலப் பிரதிகளையும் கேளுங்கள், மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். முன்பு எங்காவது வேலை செய்திருந்தால் பழைய இபிஎஃப் இலக்கத்தையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

சம்பளப் பேச்சில் கையில் எவ்வளவு வரும் என்பதைச் சொல்லத் தவறினோம். இபிஎஃபுக்கு ஊழியர் சம்பளத்தில் 8 வீதம் கழியும். முதலாளி போடும் 12 வீதமும் இடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் அதற்கு மேலே. அந்த 8 வீதத்தை முதல் சம்பளத்தில்தான் கண்ட ஒருவர் அடுத்த திங்கள் வரவில்லை. பிழை எங்களுடையது. சனி, போயா (பௌர்ணமி விடுமுறை) வேலை நேரத்தையும் நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கிழமைக்கு 45 மணித்தியாலம் என்பது சட்டம், வாய்ப்பேச்சில் விட்டால் பிறகு மனக்கசப்புத்தான்.

தெரிவிலும் சறுக்கினோம். ஆங்கிலம் நன்றாகக் கதைத்தவரை முதலில் எடுத்தோம். அவர் கண்ணாடிச் சீட்டில் இருந்த வில்லை அளவைக் கணினியில் பதியும்போது மைனஸ் 1.25 பிளஸ் 1.25 ஆனது. கண்ணாடி வெட்டுவதற்கு முன் பிடிபட்டது நல்ல காலம். இப்போது பத்துக் கண்ணாடிச் சீட்டுகளைக் கொடுத்துப் பிரதி எடுக்கச் சொல்கிறோம். குறியும் புள்ளியும் அச்சுக்கோணமும் பத்திலும் சரியாக இருந்தால்தான் மற்றக் கேள்விகள்.

கொழும்பில் கட்டாயம் கவனிக்க வேண்டியது வலமும் இடமும். தமிழில் 'வலம்' என்றால் வலது. சிங்களத்தில் 'வம' என்றால் இடது. சனக் கூட்டத்தில், முகக்கவசத்துக்குள்ளால் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான். சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த ஊழியர் இதில் விழாமல் இருக்கமாட்டார். சொட்டுமருந்து விடும்போது, ஒபரேஷன் செய்ய வேண்டிய கண்ணைக் குறிக்கும்போது இது சின்னப் பிழை அல்ல. எங்கள் விதி இது: ஊழியர்களுக்கிடையே 'ரைட்', 'லெஃப்ட்' மட்டும், வேறு சொல் கிடையாது. நோயாளியிடம் எந்தக் கண் என்று கேட்டு, அவர் தன் விரலால் தொட்டுக் காட்டிய பிறகு கோப்பைப் பார்க்க வேண்டும். கோப்பைப் பார்த்துவிட்டு 'இந்தக் கண்தானே?' என்று கேட்டால் வயதானவர்கள் எதற்கும் ஓம் என்றுதான் தலையாட்டுவார்கள்.

பார்வை அளக்கப் பழக்குவது சுலபம் என்று நினைத்திருந்தோம். 6 மீற்றர் தூரம் கிடைக்காத அறைக்கு 3 மீற்றரில் முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்தி அட்டையை அதில் காட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிழை வருவது மறைக்கும் கையில். விரல்களால் மறைத்தால் இடுக்கால் பார்ப்பார்கள், உள்ளங்கையை அழுத்தினால் அந்தக் கண் சிறிது நேரம் மங்கலாகத் தெரியும். மறைக்கும் கரண்டி கொடுத்துவிடுங்கள். வலக்கண்ணால் வாசித்த வரியை இடக்கண் மனப்பாடமாய்ச் சொல்லும், எனவே அட்டையை மாற்ற வேண்டும். கண்ணாடியோடு பார்த்ததா, இல்லாமலா என்று எழுதாத அளவு எதற்கும் உதவாது. பார்வை 6/9க்குக் (மற்றவர் 9 மீற்றரில் வாசிக்கும் வரியை 6 மீற்றரில்தான் வாசிப்பது) குறைந்தால், ஊசித்துளை போட்ட மறைப்பு வழியாகவும் வாசிக்க வைத்து எழுதப் பழக்குங்கள்.

சொட்டுமருந்தில் ஒழுங்கு முக்கியம்: பார்வை, கண் அழுத்தம், அதற்குப் பிறகுதான் விரிப்பான், அதாவது கண்மணியை விரிக்கும் மருந்து. ஒரு நாள் இது தலைகீழாகி ஒருவரை மறுநாள் திரும்ப வரச் சொல்ல வேண்டிவந்தது. அவர் வந்தது நீர்கொழும்பிலிருந்து. விரிப்பானுக்கு முன் மூன்று கேள்விகள்: குளுக்கோமா (கண் அழுத்த நோய்) இருக்கிறதா, இதே மருந்து முன்பு ஒத்துக்கொண்டதா, வீட்டுக்கு மோட்டார் சைக்கிளோ ஆட்டோவோ ஓட்டிப் போகிறாரா? ட்ரொபிக்கமைட் என்ற விரிப்பானை விட்டால் பல மணிநேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். மூடி நிறத்தை நம்பக்கூடாது. விரிப்பானுக்குச் சிவப்பு, கண்மணியைச் சுருக்கும் பைலோகார்ப்பினுக்குப் பச்சை என்ற வழக்கத்தை எல்லாக் கம்பனியும் பின்பற்றுவதில்லை. பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் விட வேண்டும். போத்தலைத் திறந்த திகதியை அதன் மேலேயே எழுதி, 28 நாளில் எறிந்துவிடுகிறோம்.

வரவேற்பில் இருப்பவருக்கு எங்கள் முதல் பாடம் இப்போது தொலைபேசிதான். வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் பட்டது என்று யாராவது எடுத்தால், பெயர், நேரம் எதுவும் கேட்காமல் 'உடனே குழாய்த் தண்ணீரில் கழுவுங்கோ, இமையைத் திறந்து வைத்து, நிறுத்தாமல் அரை மணி நேரமாவது' என்று சொல்லவேண்டும். சுண்ணாம்பு காரம், தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் கருவிழிக்குள் இறங்கும். திடீரென மின்னல் தெரிகிறது, திரை விழுந்ததுபோல் இருக்கிறது, ஒபரேஷன் முடித்த கண் சிவந்து வலிக்கிறது என்றால் அன்றைக்கே வரச் சொல்ல வேண்டும், அடுத்த கிழமை நேரம் கொடுக்கக்கூடாது. இதை மூன்று மொழியிலும் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். புதிதாக வருபவர் அதைப் பார்க்காமல் மூன்று மொழியிலும் சொல்லிக் காட்டும்வரை தனியாகத் தொலைபேசியில் உட்கார விடுவதில்லை.