மேசையில் கரண்டியும் கைத்துண்டும்

வீட்டில் விருந்துக்கு மேசையை அமைக்கும்போது, என்ன பரிமாறப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். சூப் இல்லாத விருந்தில் சூப் கரண்டிக்கு வேலையில்லை. தட்டின் இடப்பக்கம் முள்கரண்டி, வலப்பக்கம் கத்தி, அதற்கும் வெளியே கரண்டி என்பதே வழக்கம். கத்தியின் கூர்ப்பக்கம் தட்டை நோக்கித்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் அமர்ந்திருப்பவரை நோக்கி அதைத் திருப்பி வைப்பது மரியாதையன்று. முதலில் எடுப்பது வெளியே, பிறகு எடுப்பது உள்ளே என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எத்தனை கரண்டிகள் இருந்தாலும் குழப்பம் வராது. தண்ணீர்க் குவளை கத்தியின் நுனிக்கு மேலே.

கைத்துண்டுக்கு என் தேர்வு, 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரைச் சுங்குடிதான். பருத்தி என்பதால் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் புதுத் துணியில் சாயம் போகக்கூடும் என்பதால், உப்பு நீரில் ஊறவைத்து, தனியே அலசிக் காயவைத்த பிறகே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். நான்காக மடித்து முள்கரண்டியின் இடப்புறம் வைப்பது நல்லது. முள்கரண்டிக்கு அடியில் வைத்தால், துண்டை இழுக்கும்போது கரண்டி சரிந்துவிடும்.

கறிதோசை பரிமாறும் நாளில் இவை எதுவும் தேவையில்லை. கைத்துண்டோடு, கைகழுவ எலுமிச்சைத் துண்டு மிதக்கும் வெந்நீர்க் கிண்ணம் ஒன்று போதும்.