குடம்புளி மாத்திரை வாங்கும் முன்

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மீன் குழம்புக்குப் போடும் குடம்புளியின் சாற்றை மாத்திரையாக்கி, 'கார்சீனியா' என்ற பெயரில் எடை குறைக்க விற்கிறார்கள். என் உறவினர்கள் சிலரும் அதை வாங்கத் தொடங்கியிருப்பதால் இதை எழுதுகிறேன். 1998-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வில், 135 பேரை 12 வாரங்கள் கவனித்தபோது, இந்தச் சாற்றை உட்கொண்டவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை உட்கொண்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் எடை குறையவில்லை. இது கலந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. (குழம்பில் போடும் புளியைக் கண்டு அஞ்ச வேண்டாம், நான் சொல்வது செறிவான சாற்றைப் பற்றி மட்டுமே.)

அந்தப் பணத்தில் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, முட்டை, கீரை வாங்குங்கள். சோற்றைக் குறைத்து இவற்றைக் கூட்டினால், புரதமும் நார்ச்சத்தும் பசியை நெடுநேரம் தாங்கும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது, வேகநடையே போதும். உணவைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும் என்பதால், வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.