கானோடெர்மாவும் வைக்கோல் பாக்டீரியாவும்: வீட்டு நுண்ணோக்கியில் ஸ்போர் சுவர்

பூஞ்சைக்கும் ஸ்போர் (கண்ணுக்குத் தெரியாத நுண்வித்து) உண்டு, பாக்டீரியாவுக்கும் ஸ்போர் உண்டு. ஆனால் பூஞ்சையின் ஸ்போர் பெரும்பாலும் பரவுவதற்கானது, பாக்டீரியாவினுடையது தாக்குப்பிடிப்பதற்கானது. இந்த வேறுபாடு அவற்றின் சுவரிலேயே தெரிகிறதா என்று பார்க்க, பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் இருக்கும் மாணவர் நுண்ணோக்கியையும் அதன் 100 மடங்கு எண்ணெய் லென்ஸையும் கொண்டு சில வாரங்களாக முயன்று வருகிறேன்.

பூஞ்சைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. மழைக்காலத்தில் இந்த நகரத்தின் குல்மொஹர் மரங்களின் அடித்தண்டில் கானோடெர்மா என்னும் மரக்காளான் விசிறிபோல விரிந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதன் மேற்பரப்பில் கோகோ தூள் தூவியதுபோல் படிந்திருப்பது அதன் ஸ்போர்தான். அதில் ஒரு சிட்டிகையை 5 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளியில் கலந்து கவர் ஸ்லிப்பால் மூடினேன். சுமார் 10 மைக்ரோமீட்டர் நீளமுள்ள பழுப்பு நிற முட்டை வடிவங்கள் தெரிந்தன. ஒரு முனை மட்டும் வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருந்தது.

கானோடெர்மாவின் சிறப்பே இரட்டைச் சுவர்தான். உள்ளே தடித்த பழுப்புச் சுவர், வெளியே நிறமற்ற மெல்லிய சுவர், இரண்டுக்கும் நடுவே நுண்ணிய தூண்கள். நுண்திருகை மிக மெதுவாகத் திருப்பி ஸ்போரின் மேற்பரப்பில் குவியத்தை நிறுத்தினால், தூண்களின் தலைகள் கரும்புள்ளிகளாகத் தெரிகின்றன. அதே ஸ்போரின் நடுமட்டத்துக்கு இறக்கினால், அவையே இரு கோடுகளுக்கு இடையில் குறுக்குக் கோடுகளாக மாறுகின்றன. ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடிந்த எல்லை ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர் என்பதால், இந்தத் தூண்கள் அந்த எல்லையை ஒட்டியே நிற்கின்றன. ஸ்லைடின் மேல் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைச் சரியாக அமைக்காவிட்டால் வெறும் மங்கல்தான் மிஞ்சும். தட்டையான முனை என்பது வெளிச்சுவர் அந்த இடத்தில் உள்வாங்கிப் போனதன் விளைவு.

பாக்டீரியாவுக்கு வைக்கோலை நாடி, அதை நீரில் கொதிக்கவைத்துக் கஷாயமாக்கினேன். 1876இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் கோன், வைக்கோல் பாக்டீரியா எனப்படும் பேசில்லஸ் சப்டிலிஸின் எண்டோஸ்போரை (செல்லுக்குள்ளேயே உருவாகும் ஸ்போரை) விவரித்ததும் வைக்கோல் ஊறிய நீரை வைத்துத்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் நீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தக் கொதியில் சாதாரண செல்கள் அழிந்துவிடும், எண்டோஸ்போர்கள் பிழைத்துக்கொள்ளும். ஆறவைத்து மூடிய கஷாயத்தின் மேல் சில நாட்களில் சுருக்கம் விழுந்த வெள்ளை ஆடை படர்ந்தது.

ஆடையை ஸ்லைடில் தேய்த்து உலர்த்தி, சூட்டில் பதியவைத்து, மாலகைட் பச்சைச் சாயத்தை ஊற்றி, கொதிநீர் ஆவியின் மேல் 5 நிமிடம் வைத்து, நீரில் கழுவி, பின் சாஃப்ரனின் என்னும் சிவப்புச் சாயம் இட்டேன். இது 1933இல் ஷேஃபரும் ஃபுல்டனும் எளிமைப்படுத்திய முறை. இளஞ்சிவப்புக் கோல்களின் நடுவே பச்சை மணிகள் தெரிந்தன. சூடில்லாமல் ஸ்போருக்குள் எளிதில் நுழையாத சாயம், நுழைந்தபின் நீருக்கு அசைந்து கொடுப்பதில்லை. சாதாரண செல்களிலிருந்தோ எளிதாக வெளியேறிவிடுகிறது. ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் அளவேயான அந்த மணியில் சுவரின் அடுக்கு எதையும் என் லென்ஸ் காட்டவில்லை. சுவர் இருப்பதைச் சாயத்தின் நடத்தையைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அடுக்குகளைக் காட்டியது எலக்ட்ரான் நுண்ணோக்கி. வெளியே பல பத்து வகைப் புரதங்களாலான கோட்டு (coat) என்னும் மேலுறை, அதற்குள் பாக்டீரியாச் சுவரின் கட்டுமானப் பொருளான பெப்டிடோகிளைக்கானாலான தடித்த கார்டெக்ஸ் என்னும் அடுக்கு, நடுவில் நீர் வற்றிய மையம். பூஞ்சைச் சுவரைக் கட்டும் கைட்டின், குளுக்கான் என்னும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு இங்கே இடமில்லை. கட்டப்படும் விதமும் வேறு: கானோடெர்மா ஸ்போர் தாய்ச்செல்லின் நுனியில் வெளியே அரும்புகிறது, எண்டோஸ்போரோ தாய்ச்செல்லுக்குள்ளேயே உருவாகி, வெளிக்கோட்டைத் தாய்ச்செல்லிடமிருந்தே பெறுகிறது. வெப்பத்தைத் தாங்குவது கோட்டுதான் என்று பலர் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. கோட்டு தடுப்பது முக்கியமாக, பாக்டீரியாச் சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்னும் நொதியையும் வேதிப்பொருட்களையும். ஈரச் சூட்டை வெல்வது கார்டெக்ஸ் காத்து நிற்கும் மையத்தின் வறட்சியும், அதில் உலர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்காக நிறைந்திருக்கும் கால்சியம் டைபிகோலினேட் என்னும் உப்பும்தான்.

கோட்டுக்கும் வெளியே எக்ஸோஸ்போரியம் என்னும் தளர்ந்த உறை சில இனங்களுக்கு உண்டு. உணவை நஞ்சாக்கும் பேசில்லஸ் செரியஸ் அவற்றில் ஒன்று. அது என் கஷாயத்திலும் இருக்கக்கூடும் என்பதால், கையுறை அணிந்தே வேலை செய்கிறேன். மிஞ்சிய கஷாயத்தை இதற்கென்றே ஒதுக்கிய பழைய குக்கரில் வெயிட் போட்டு அரை மணி நேரம் வேகவைத்த பிறகே கொட்டுகிறேன்.