ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே எண்

அக்டோபர் 27, ஞாயிறு

புகை வந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டு பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, பட்டென்று ஒரு சத்தம், அப்புறம் பழுப்புப் புகை, கூடம் முழுக்கக் கருகிய காகித நாற்றம். அம்மா ஓடி வந்து மெயினையே அணைத்துவிட்டாள். யுபிஎஸ் பேட்டரி செத்து மூன்று மாதம் ஆகிறது, அதனால் வீட்டுக் கோப்புகளை வைத்திருக்கிற சர்வரும் சேர்ந்து நின்றது.

ரீஃபா கெபாசிட்டர்தான். பிபிசி மைக்ரோ என்கிற பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் மெயின்ஸ் இரைச்சலை வடிகட்ட வைத்திருப்பது. உள்ளே காகிதம், வெளியே மஞ்சள் கண்ணாடி போல ஒரு உறை. நாற்பது வருஷத்தில் உறையில் விரிசல் விழுந்து ஈரம் உள்ளே இறங்கிவிடும். திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு, ஈரத்துக்குக் கேட்க வேண்டுமா. அதைக் கழற்றிய பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆசை யாரை விட்டது.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நல்லவேளை.

அக்டோபர் 28, திங்கள்

அக்காவிடமிருந்து போன். அப்பாவின் ஆபரேஷன் தேதி தீபாவளிக்கு அப்புறம்தான். முதலில் சர்க்கரை இறங்க வேண்டுமாம்.

அக்டோபர் 29, செவ்வாய்

பரணில் நிரல்கள் பதிந்த கேசட்டுகள் கிடைத்தன, எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூசணம். நாடாவை விரலால் தொட்டதுமே பொடி உதிர்கிறது. அவற்றில் இருப்பது போனது போனதுதான். ஆனால் அதே பெட்டியின் அடியில் அப்பாவின் கட்டம் போட்ட நோட்டு இருந்தது. அதற்காக எத்தனை கேசட் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

1984இல் மத்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது வந்த இயந்திரம் பிபிசி மைக்ரோ. 6502 பிராசசர், 32 கிலோபைட் நினைவகம், அவ்வளவுதான். அதில் தமிழ் கிடையாது. அப்பா கணக்கு வாத்தியார், யாரும் கேட்காமலேயே உட்கார்ந்து எழுத்து வரைந்திருக்கிறார். எட்டுக்கு எட்டுக் கட்டம், ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண். இடமிருந்து 128, 64, 32 என்று பாதி பாதியாகக் குறையும், நிரப்பிய கட்டங்களைக் கூட்டினால் அந்த வரியின் எண் வந்துவிடும். நோட்டின் முதல் பக்கத்தில் ட: 64, 64, 64, 64, 64, 64, 126, 0. அடுத்தது ப: ஆறு முறை 66, பிறகு 126, பிறகு 0. பென்சிலால் அடித்துத் திருத்திய இடம் ஒன்றுகூட இல்லை.

சிக்கல் என்னவென்றால் நாமே வரைகிற எழுத்துகளுக்கு 224 முதல் 255 வரை 32 இடம்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் நிரலுக்கு இருக்கிற நினைவகத்திலிருந்து 256 பைட் கொடுத்து இன்னொரு 32 வாங்க வேண்டும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, அதிலேயே 31 போய்விடும். கொம்பு, கால் என்கிற துணைக்கால், கு, மு, டு எல்லாம் எங்கே வைப்பது? அப்பா என்ன செய்திருக்கிறார் என்றால், மொத்த எழுத்தையும் வைக்க முயலவே இல்லை. ஒரு பெயரை எழுதுவதற்கு முன்னால் அந்தப் பெயருக்கு வேண்டிய வடிவங்களை மட்டும் வரையறுப்பது, எழுதுவது, அப்புறம் அடுத்த பெயருக்கு அதே இடங்களை மாற்றி வரையறுப்பது. திரையில் ஏற்கெனவே விழுந்த எழுத்து மாறாது. இப்படி ஒரு வகுப்பின் பெயர்ப் பட்டியலே தமிழில்! ஓரத்தில் சிவப்பு மையில் 'ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே எண்' என்று எழுதியிருக்கிறார். எட்டுக் கட்டத்தில் ரகரத்தின் வாலுக்கு இடமில்லை, ஓலைச்சுவடியிலும் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருந்தன. அதனால் ராதா என்ற பெயருக்கு இரண்டே வடிவம் போதும். இதைப் படித்துவிட்டு நோட்டை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மாடியில் போய் நின்றேன்.

ராத்திரியே எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து சர்வரில் போட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

சர்வரில் ஒரு டிஸ்க், படிக்க முடியாத செக்டர்களின் எண்ணிக்கை 8 என்று காட்டுகிறது. தீபாவளி அன்றா.

நவம்பர் 2, சனி

அப்பா எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவே இல்லை. அம்மா ஒரு அதிரசத்தில் கால்வாசி கொடுத்துப் பார்த்தாள். வேண்டாம் என்று கையாட்டினார்.

அவரிடம் இயந்திரத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஓடினால் சொல்லலாம். பழைய இயந்திரத்தைப் போலவே நடிக்கிற எமுலேட்டர் மென்பொருளில் இப்போதே லேப்டாப்பில் ஓட்டிக் காட்டலாம்தான், பத்து நிமிஷ வேலை. ஆனால் அவர் விரல் பட்ட அந்தச் சிவப்புச் சாவிகளிலேயே வர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நவம்பர் 4, திங்கள்

ரிச்சி தெரு. முக்கால்வாசி செல்போன் டிஸ்ப்ளேயும் சிசிடிவியும்தான் இப்போது, ஆனால் சந்துக்குள் ஒரு பெரியவர் இன்னமும் மர இழுப்பறைகளில் சில்லறைச் சாமான் வைத்திருக்கிறார். 0.1 மைக்ரோஃபாரட், எக்ஸ்2 என்று சொன்னதுமே இழுப்பறையைப் பார்க்காமல் கையை விட்டு எடுத்தார். காகிதம் இல்லாத பிளாஸ்டிக் வகை, 275 வோல்ட். "பழைய கம்ப்யூட்டரா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். காசு வாங்கும்போது இரண்டைக் கூட வைத்தார்.

சால்டர் செய்தாயிற்று. 5 வோல்ட் சரியாக நிற்கிறது. ஸ்விட்சைப் போட்டேன்.

சத்தம் நிற்கவில்லை.

இந்த இயந்திரம் ஆரோக்கியமாக இருந்தால் முதலில் தாழ்ந்த குரலில் ஒரு பூ, உடனே உச்சத்தில் ஒரு பீப். முதல் சத்தம் சவுண்ட் சிப் தானாகப் போடுவது. பிராசசர் விழித்து அதை அடக்கிவிட்டு இரண்டாவதைப் போடும். முதல் சத்தமே நீண்டுகொண்டு போனால் உள்ளே யாரும் விழிக்கவில்லை என்று பொருள்.

நவம்பர் 5, செவ்வாய்

இன்றும் அதே. சாக்கெட்டில் இருக்கிற சிப் ஒவ்வொன்றையும் நெம்பி எடுத்துக் கால்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன், கருப்பாக வந்தது. மறுபடி பொருத்தினால் அதே பூஊஊ.

டிஸ்கில் படிக்க முடியாத செக்டர் இப்போது 16.

நவம்பர் 6, புதன்

அப்பாவை 11ஆம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். 13 காலை ஆபரேஷன். இதயத்தில் மூன்று அடைப்பு. அக்கா போனில் அழுதாள், நான் அழவில்லை, போனை வைத்துவிட்டு சர்வரின் காப்பு நகல் கோயம்புத்தூரில் அக்கா வீட்டுப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மூன்று தடவை சரிபார்த்தேன். போயிருக்கிறது. இரண்டு டிஸ்கில் ஒன்றின் கண்ணாடியாக மற்றொன்று இருப்பதைக் காப்பு என்று நம்புகிறவர்களிடம் எனக்கு எப்போதும் சண்டைதான், இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். வேறு ஊரில், வேறு கூரைக்கடியில் ஒன்று இருக்க வேண்டும். அப்பாவின் நோட்டு இருக்கிறது, எக்கோ ரிப்போர்ட்டும் இருக்கிறது, 2009இல் கொடைக்கானலில் அவர் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற படமும் இருக்கிறது.

நவம்பர் 8, வெள்ளி, இரவு 1.50

பூ. பீப்.

இரண்டு 6522 சிப் இருக்கின்றன இந்தப் போர்டில். ஒன்று கீபோர்டையும் சவுண்டையும் பார்த்துக்கொள்வது, இன்னொன்று பிரிண்டருக்கும் வெளிச் சாமான்களுக்கும். இரண்டாவது இல்லாவிட்டாலும் இயந்திரம் ஓடும். அதனால் இடம் மாற்றிப் போட்டேன். செய்துபார்க்க ஐந்து நிமிஷம், நான்கு நாளாக ஏன் தோன்றவில்லை?

இலவசக் கலர் டிவியை ஆன்டெனா வழியாக 36ஆம் சேனலில் பிடித்தேன். கருப்புத் திரையில் வெள்ளையாக 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே'. கீழே பேசிக். கர்சர் துடிக்கிறது. ட வரைந்தேன். கட்டம் கட்டமாக, பெரிதாக, ட.

யாரை எழுப்புவது இந்நேரத்தில்.

நவம்பர் 10, ஞாயிறு

நங்கநல்லூர் மொட்டை மாடி. பழைய கம்ப்யூட்டர், வீட்டு சர்வர் என்று வைத்திருக்கிற எங்கள் கூட்டம். எல்லாரும் அவரவர் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்கள். ரப்பர் சாவி வைத்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் ஒன்று, ஒருவர் எட்டு டிஸ்க் போட்ட சர்வர் ராக்கையே காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார், அதன் விசிறிச் சத்தத்தில் பக்கத்து மாடிக்காரர் எட்டிப் பார்த்தார். மின்சாரக் கணக்குப் பேச்சு வழக்கம்போல நடந்தது. சர்வர் நாள் முழுக்க 60 வாட் என்றால் மாதம் 43 யூனிட், அது ஞாயமா இல்லையா என்று. சர்வராக ஓடுகிற என் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் அதில் பாதிதான் குடிக்கிறது. எனக்கு அதில் பெருமைதான்.

பிபிசியைக் கடைசியாகத்தான் வைத்தேன். அப்பாவின் வரிசையில் ராதா, குமார், செல்வி, மூன்று பெயரும் ஏறின. ராக் கொண்டுவந்தவர் எதுவும் பேசாமல் நோட்டைக் கையில் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பத்தாவது பெயர் கயல்விழி. அந்தப் பக்கத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. ழி இருந்த இடத்தில் ஓட்டை.

நானே வரைந்து பார்த்தேன். அசிங்கமாக இருந்தது.

நவம்பர் 11, திங்கள்

சேர்த்தாயிற்று. ஜன்னல் பக்கப் படுக்கை. டிஸ்க் 24, புதியது வாங்கி மாட்டிவிட்டேன், மறுநகல் ஓடிக்கொண்டிருக்கிறது, 31 சதவீதம்.

நவம்பர் 12, செவ்வாய்

இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் வர விடமாட்டார்கள். போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். பூ, பீப். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை போடு" என்றார். நான்கு தடவை போட்டேன்.

ழி எப்படி வரைந்தீர்கள் என்று கேட்டேன். அதற்கு இரண்டு கட்டம் வேண்டும்டா என்றார். எட்டாவது வரியை எல்லா எழுத்துக்கும் பூஜ்யமாக விடுவோம், வரிக்கு வரி ஒட்டாமல் இருக்க, ழகரத்துக்கு மட்டும் அதை விடக்கூடாது, வால் அங்கேதான் திரும்பும் என்றார். பேப்பர் இல்லை, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். இடது கட்டம் எட்டு வரியும் சொல்லிவிட்டார். வலது கட்டத்தில் ஐந்து. ஆறாவதற்கு யோசித்துக்கொண்டிருக்கும்போது ஊசி போட வந்தார்கள், என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

நவம்பர் 13, புதன், காலை 7.10

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஸ்ட்ரெச்சர் நகரும்போது, "ஆறாவது 34" என்றார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குறித்துக்கொண்டேன்.