நாவடியில் நின்றுவிட்ட தைரொயிட்

திருகோணமலையில் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்கில் பணியாற்றிய காலத்தில், தொண்டைக்குள் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் தேடுவது மீன்முள்ளைத்தான். மூதூர்ப் பக்கத்திலிருந்து தாயாருடன் வந்த பத்தொன்பது வயதுப் பெண்ணையும் அந்த எண்ணத்துடனேயே வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கை அழுத்திப் பிடித்தபோது, அதன் அடிப்பகுதியின் நட்டநடுவில், மேலே மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடும் இளஞ்சிவப்பு உருண்டையொன்று தெரிந்தது.

"சோறு இறங்கேக்குள்ள தட்டுது எண்டு சொல்லுறாள் டொக்டர், குரலும் மாறிப் போச்சு" என்றார் தாயார்.

சிறு துண்டை வெட்டி ஆய்வுக்கு அனுப்பலாம் என்று நான் சீட்டு எழுதத் தொடங்கியபோது, அருகிலிருந்த மூத்த வைத்தியர், "கழுத்தில் தைரொயிட் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். ஹோர்மோன் சுரக்கும் அந்தச் சுரப்பி வழமையாக இருக்கும் கழுத்தின் முன்பக்கத்தை நான் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. அந்த உருண்டையில் கத்தி வைத்தால் இரத்தம் எளிதில் நிற்காது என்பதும் அப்போது எனக்கு நினைவில் இல்லை.

தைரொயிட், நாம் தொட்டுப் பார்க்கும் இடத்தில் உருவாவதில்லை. கருவின் நான்காம் வாரமளவில் நாவடியில் தோன்றி, கழுத்தின் நடுக்கோட்டு வழியே கீழிறங்கி, ஏழாம் வாரமளவில் மூச்சுக்குழாயின் முன்னால் வந்து அமர்கிறது. இடம் மாறிய தைரொயிட்டுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் புறப்பட்ட இடமான நாவடியிலேயே நின்றுவிடுபவை. மற்றவை தாடைக்குக் கீழும், அரிதாக நெஞ்சுக்குள்ளும் காணப்படுகின்றன. அப்படி நாவடியில் நின்றுவிட்டவர்களில் பத்தில் ஏழு பேருக்கு உடலில் வேறெங்கும் தைரொயிட் இல்லை. பருவமடையும்போதும் கருவுற்றிருக்கும்போதும் ஹோர்மோன் தேவை கூடுவதால் அந்தச் சிறு சுரப்பி வீங்குகிறது. பலருக்கு அதுவரை எந்த அறிகுறியும் இருப்பதில்லை.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கழுத்து வெறுமையாக இருந்தது. தைரொயிட்டைத் தூண்டும், அதன் சுரப்பு போதாதபோது கூடும் ஹோர்மோனான டி.எஸ்.எச். இரத்தத்தில் உயர்ந்திருந்தது. தைரொயிட் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைப் படத்தில் ஒளிரச் செய்யும் டெக்னீசியம் ஸ்கேனுக்கு, அடுத்த கட்டமாக, அவர்களைக் கண்டிப் பக்கம் அனுப்பினோம். அந்தக் கதிரியக்கப் பொருளின் அரைவாழ்வுக் காலம் ஆறு மணித்தியாலம் மட்டுமே என்பதால், அதை வாங்கி அலுமாரியில் வைத்திருக்க முடியாது. படத்தில் நாவடி மட்டும் ஒளிர்ந்தது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, பயிற்சிக் காலத்தில் வேறோர் ஊரில் கண்ட ஒரு சிறுவன். கழுத்தின் நடுவிலிருந்த கட்டியை நீர்க்கட்டி என்று நம்பி, ஸ்கேன் செய்யாமலே அகற்றினார்கள். அகற்றப்பட்டது அவனுடைய ஒரேயொரு தைரொயிட் என்று பின்னர் அறிக்கை வந்தது. அன்றைய சத்திரசிகிச்சையில் நானும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தாயாரின் கேள்வி நியாயமானது: "நாங்கள் கடல்மீன் தின்னுற சனம், உப்பும் அயடின் உப்புத்தான், பிறகேன் டொக்டர் இது?" இலங்கையில் உப்புக்கு அயடின் சேர்ப்பது 1995இல் கட்டாயமாக்கப்பட்டது அயடின் குறைவால் வரும் கழலையைத் தடுப்பதற்காக, இதுவோ கருவறையிலேயே நேர்ந்தது, அவருடைய சமையலில் எந்தக் குறையும் இல்லை என்று விளக்கினேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மூச்சு அடைத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, புற்றுநோய்ச் சந்தேகம் எழுந்தாலோ தவிரச் சத்திரசிகிச்சை தேவையில்லை. தைரொயிட் ஹோர்மோனான தைரொக்சின் மாத்திரை டி.எஸ்.எச்.சைத் தாழ்த்தும், தூண்டுதல் குறைய, வீக்கமும் மெல்லச் சுருங்கும். சிக்கல் மருந்தில் இல்லை, விடியற்காலைப் பிளேன்டீயில் இருந்தது. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டு அரை மணி நேரமாவது தேநீரைத் தள்ளிவைக்க வேண்டும் என்றதும், மகள் தாயைப் பார்த்துச் சிரித்தாள். எட்டு வாரம் கழித்து வந்தபோது டி.எஸ்.எச். இறங்கியிருந்தது, உருண்டை அப்படியேதான் இருந்தாலும், சோறு தட்டுவது குறைந்திருப்பதாகச் சொன்னாள். கருவுற்றால் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிவரும், உடனே வந்து காட்ட வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவைத்தேன்.

இன்னொரு வைத்தியசாலையில் இன்னொருவர் அவசரமாகக் கத்தியை எடுக்கக்கூடும் என்பதால், அவளது கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: "கழுத்தில் தைரொயிட் இல்லை. நாவடியில் உள்ளது ஒன்றே ஒன்று."