ஓடச் சொன்னதா, ஓடுதா? ஐஓடி புரொஜெக்ட் வைவாவுக்குப் போறவைக்கு

என்ர ஐஓடி (கருவியை இன்டர்நெட்டால இயக்கிற) புரொஜெக்ட் வைவா (வாய்மொழிப் பரீட்சை) றிசல்ட் வந்திட்டுது, நான் பாஸ். றிப்போர்ட் போர்மட், பைண்டிங் எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், அதை விடுறன். மாக்ஸ் வெட்டுப்படுற இடம் ஒண்டுதான்: ஸ்கிரீன்ல ‘ஓன்’ எண்டு நிக்குதே, அது எதைச் சொல்லுது?

வன்னியில கனபேர் எடுக்கிறது தோட்டக் கிணத்து மோட்டரை போனால போடுற புரொஜெக்ட். கச்சானுக்கும் மிளகாய்க்கும் இறைக்கிற ஆள் வீட்டில நிப்பார், மோட்டர் அரைக் கட்டை தள்ளி நிக்கும். ஆப் காட்டுறதை விட்டா அவருக்கு வேற வழியில்லை. பட்டனை அமத்தின உடன பச்சையா மாத்தினீங்களெண்டா அது சுத்தப் பொய். கட்டளை போனை விட்டுப் போனது மட்டும்தான் ஆப்புக்குத் தெரியும்.

நாலு நிலை வையுங்கோ: ‘அனுப்பியாச்சு’, ‘பெட்டிக்குக் கிடைச்சுது’, ‘மோட்டர் ஓடுது’, ‘தொடர்பில்லை’. முதலாவது 0.1 செக்கனுக்குள்ள வரவேணும், இல்லாட்டி ஆள் திரும்பத் திரும்ப அமத்துவார். இரண்டாவது ஈஎஸ்பி32 (மோட்டரடிப் பெட்டிக்குள்ள இருக்கிற வைஃபை சிப்) பதில் அனுப்பின பிறகுதான். மூன்றாவதை ரிலேயை (சிப் சொல்ல மோட்டரைப் போடுற சுவிட்ச்) நம்பிச் சொல்லாதேங்கோ. ரிலே ‘டிக்’ எண்டாலும் லைன்ல கரண்ட் இல்லாட்டி மோட்டர் ஓடாது. அதுக்கு, வயர்ல ஓடுற ஆம்பியரை அளக்கிற எஸ்சிடி-013 கிளாம்பை லைவ் வயர்ல மட்டும் மாட்டுங்கோ. லைவ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து மாட்டினா ஒண்டையொண்டு வெட்டி பூச்சியம் காட்டும். அந்தச் சென்சர் வயரை ஈஎஸ்பி32இன்ர 32இல இருந்து 39 வரையான பின்னில குடுங்கோ. ஏடிசி2 (சென்சர் அளவை வாசிக்கிற மற்றக் கூட்டம்) பின்கள் வைஃபை ஓடேக்க வேலை செய்யாது. சிறுபோகத்தில கிணறு வத்தி மோட்டர் வெறுமனே சுத்தினா ஆம்பியர் வழமையை விடக் குறையும், அதுக்கு ஒரு எச்சரிக்கை வையுங்கோ. தண்ணி ஓட்டத்தை அளக்கிற அரை இஞ்சி வைஎஃப்-எஸ்201 ஃபுளோ சென்சரை 2 இஞ்சிக் குழாயில போட நினைக்க வேண்டாம்.

வைவாவில ரவுட்டரை நிப்பாட்டிப்போட்டு ஆப்பைப் பார்த்தா என்ன தெரியும்? பப்சப்கிளையண்டில (ஈஎஸ்பி32 செய்தி அனுப்பப் பாவிக்கிற லைப்ரரி) கீப்-அலைவ் (‘இருக்கிறன்’ எண்டு பெட்டி சொல்லுற இடைவெளி) 15 செக்கன். புரோக்கர் (ஆப்புக்கும் பெட்டிக்கும் இடையில செய்தி கடத்திற சேவர்) அதின்ர ஒண்டரை மடங்கு பொறுத்துத்தான் லாஸ்ட் வில்லை (பெட்டி துண்டுபட்டிட்டுது எண்ட செய்தி) அனுப்பும். அதாவது 22 செக்கன் மட்டில ஆப் பழசையே காட்டிக்கொண்டு நிக்கும். அதுக்குத்தான் நிலைக்குக் கீழ ‘கடைசியா 12 செக்கனுக்கு முன்னம்’ எண்டு ஓடுற நேரம் வேணும்.

ரிடெய்ன் (கடைசிச் செய்தியைப் புரோக்கர் வைச்சிருந்து குடுக்கிறது) விசயத்தில பிழை விட்டா மாக்ஸோட நிக்காது, ஆளையே அடிக்கும். நிலைச் செய்திக்கு ரிடெய்ன் போடுங்கோ, கட்டளைக்குப் போடவே கூடாது. போட்டா, கரண்ட் போய் வந்து பெட்டி திரும்பக் கனெக்ட் ஆன உடன புரோக்கர் பழைய ‘ஓன்’ஐத் தூக்கிக் குடுக்கும். பம்ப்பைக் கழட்டித் துப்பரவாக்கிற ஆளின்ர கை உள்ளுக்க இருக்கேக்க மோட்டர் தானா எடுபடும். கட்டளையோட நேரத்தையும் அனுப்பி, 30 செக்கனுக்கு மேல பழசெண்டா பெட்டி அதை எறியட்டும்.

மிச்சம் கடகடவெண்டு:

- 16×2 எல்சிடியில தமிழ் வராது. நீங்களா கீறக்கூடியது 5×8 புள்ளியில 8 எழுத்துத்தான். 128×64 ஓஎல்ஈடியில முழுச் சொல்லையும் படமாப் போடுங்கோ. எழுத்தெழுத்தா அடிச்சா கொம்பு, கால் இடம் மாறி நிக்கும்.
- ஈஎஸ்பி32க்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான். ஹொட்ஸ்பொட் 5இல நிண்டா பெட்டிக்குத் தெரியாது.
- பெட்டிக்கு வைஃபை விபரம் குடுக்கிற செட்டப் பக்கம், பெட்டியின்ர சொந்த வைஃபையில, 192.168.4.1. அந்த வைஃபையில இன்டர்நெட் இல்லையெண்டு போன் டேட்டாவுக்குத் தாவும், பக்கம் திறக்காது. ‘டேட்டாவை நிப்பாட்டுங்கோ’ எண்ட ஸ்டிக்கரைப் பெட்டியிலயே ஒட்டுங்கோ.
- கைச் சுவிட்ச் வைஃபை இல்லாமலும் வேலை செய்யவேணும். ஆப்பும் அந்த மாற்றத்தைக் காட்டவேணும்.
- மத்தியான வெயில்ல சிவப்பு, பச்சை எல்ஈடி ஒண்டுமே தெரியாது. பசர் போடுங்கோ.

எஸ்யூஎஸ் (பாவிக்க லேசோ எண்டு ஆக்களிட்டக் கேக்கிற) கேள்விக்கொத்தில ஒற்றைக் கேள்விக்கு விடையில 1 கழிக்கிறது, இரட்டைக்கு 5இல இருந்து விடையைக் கழிக்கிறது, கூட்டி 2.5ஆல பெருக்கிறது. வாறது 100க்கு எத்தனை எண்ட புள்ளி, வீதமில்லை, 68 சராசரி. இரட்டைக் கேள்வியெல்லாம் எதிர்மறை. தமிழாக்கேக்க ‘இல்லை’க்கு மேல ‘இல்லை’ விழுந்தா ஐயாமார் தலைகீழாத்தான் புள்ளி போடுவினம்.